ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல ஈரல்

பைக்குள் முனகல்

இருட்டிய பிறகு லேப் கேட்டில் தொங்கிய மஞ்சள் பைக்குள்ளிருந்து, தொண்டையில் கோலிக்குண்டு உருளுவது போல ஒரு சத்தம் வந்தது. செத்தவர்கள் மட்டுமே வந்து போகும் எங்கள் தொழிலில் அது கேட்கவே கூடாத சத்தம்.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் கோழிகளுக்கென்று ஒரு சின்ன தனியார் லேப். கோழி செத்தால் கொண்டுவருவார்கள். அறுத்து, ஈரல், சிறுநீரகம், குடல் எல்லாம் பார்த்து, எதனால் செத்தது என்று எழுதிக் கொடுப்போம். கால்நடை டாக்டர் ஒருவர் முதலாளி, டெக்னீஷியன் நான். நேரம் கழித்து வருகிறவர்கள் கோழியைப் பையில் போட்டு, பெயரும் போன் நம்பரும் எழுதின சீட்டோடு கேட்டில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம். அன்று பூட்டிவிட்டுத் திரும்பும்போதுதான் பை முனகியது. நான் கும்பிடுவது மாரியம்மனை. ஆனால் பயந்தால் வாயில் வருவது கான்வென்ட்டில் பழகின ஜெபம். அதில் பாதி சொல்வதற்குள் பை இன்னொரு தடவை முனகி, லேசாக ஆடவும் செய்தது.

குடைக் கம்பியால் பையை விலக்கினேன். பெட்டைக் கோழி. இறக்கை இரண்டும் நனைந்த துணி மாதிரித் தொங்கின. கால் நிற்கவில்லை. உயிர் மட்டும் இருந்தது. சீட்டில் “செத்த கோழி. அஞ்சலை, கிள்ளை” என்று எழுதியிருந்தது. கிள்ளையிலிருந்து தினமும் சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா. உடனே போன் போட்டு, “உங்க கோழி உயிரோட இருக்கும்மா” என்றேன். அஞ்சலையம்மா சொன்னார்:

“நான் மாட்டும்போது செத்துத்தாம்மா இருந்துச்சி. ஒங்க லேபு ராசியான லேபு போலருக்கு.”

டிபன் பாக்ஸ்

கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற தாய்மார்களே, உங்கள் கைப்பையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடித்த பிஸ்கட் பாதி, ஒற்றைச் சாக்ஸ், போன சளிக்கு வாங்கின மருந்து. என் பையில் கூடுதலாக ஒரு டிபன் பாக்ஸ். அதற்குள் ஐஸுக்கு நடுவே பச்சை ஈரல்.

கோழி தின்கிற தீனியிலோ தண்ணீரிலோ ஈயம் மாதிரி உலோகம் கலந்திருந்தால் அது ஈரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் லேபில் பெரிய மிஷின் கிடையாது. ஈரலைச் சுட்டுச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, ஒரு பச்சை மருந்து விடுவோம். ஈயம் இருந்தால் பச்சை சிவப்பாக மாறும். அமிலத்தில் இருக்கிற அழுக்குக்கே கொஞ்சம் சிவக்கும் என்பதால், பக்கத்தில் ஒரு நல்ல ஈரலையும் அதே மாதிரி செய்து வைத்து இரண்டு நிறத்தையும் ஒப்பிட வேண்டும். நல்ல ஈரலுக்கு எங்கே போவது? கடைக் கறிக்கோழியை நம்ப முடியாது என்றார் டாக்டர். “உங்க வீட்ல நாட்டுக்கோழி வளக்கறீங்கல்ல, அத விட சுத்தமானது எது?” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் பத்துப் பன்னிரண்டு கோழிகள் மேயும். மாமனார் வளர்ப்பது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றை அறுப்பார். ஈரலில் பாதி என் மகள் யாழினிக்கு, பாதி லேபுக்கு.

யாழினிக்கு அப்போது ஒரு வயது நடந்துகொண்டிருந்தது. வெளுத்துப் போயிருப்பாள். சாப்பாட்டைக் கண்டால் அழுவாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிவாள். ரத்தம் கம்மி, ஈரல் குடு, முட்டை குடு என்று தெருவே சொன்னது. கொடுத்தேன். அவள் உடம்பில் ரத்தம் ஊற வேண்டும், அதைத் தவிர எனக்கு அந்த வருடம் வேறு வேண்டுதல் இல்லை.

ஒருநாள் காலை ஆலப்பாக்கம் தாண்டி பஸ் பிரேக் போட்டதில் டப்பா உருண்டு கண்டக்டர் காலடியில் திறந்துகொண்டது. அவர் ஈரலைப் பார்த்தார். என் கழுத்திலிருந்த ஐடி கார்டைப் பார்த்தார். பஸ்ஸே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“தயிர் சாதம் எடுத்துனு போவாங்க, லெமன் சாதம் எடுத்துனு போவாங்க. பச்ச ஈரல் எடுத்துனு ஆபீசு போற பொண்ணு இந்த ரூட்டுலயே நீ ஒருத்திதாம்மா.”

சேவல் சாப்பிட்ட பஸ்பம்

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் சேவலைச் சால்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மனிதருக்குக்கூட அப்படி யாரும் அழுது நான் பார்த்ததில்லை. அறுத்தால், ஈரல் வீங்கி, விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. சிறுநீரகம் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. டியூபில் மருந்து விட்டேன். எங்கள் வீட்டு நல்ல ஈரலைவிடப் பல மடங்கு அடர்ந்த சிவப்பு.

“என்ன குடுத்தீங்க?” என்றேன். கம்பு, கேழ்வரகு, முட்டை, பேரீச்சம்பழம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் மட்டும் குரல் இறங்கியது. வீரியத்துக்கு யாரோ ஒரு வைத்தியர் கொடுத்த பஸ்பமாம். செங்கல் நிறத்தில் பொடி, நெய்யில் குழைத்துத் தினமும். “அதுலதாங்க உலோகம் இருக்கு. ஈரலையும் சிறுநீரகத்தையும் அதுதான் அரிச்சிருக்கு” என்றேன். அவர் எழுந்து போய் லேப் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சேவலுக்குக் குன்றிமணி அளவுல பாதிதான் மேடம் குடுத்தேன். நான் தெனம் ஒரு முழு குன்றிமணி சாப்புடுறேன். எனக்கும் அந்த டியூப்ல ஒருவாட்டி பாத்துடறீங்களா?”

நீலத் தண்ணீர்

பெண்ணாடத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயியும் அவர் மனைவியும் ஒரே வாரத்தில் செத்த கோழிகளை அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். கோழிக்குப் பல் கிடையாது. தீனியை அரைக்க வயிற்றில் ஒரு தடித்த பை இருக்கும், அரவைப்பை என்போம். அந்தப் பையின் உள்தோல் பச்சையேறி, வெயிலில் காய்ந்த ஏரி மண் மாதிரி வெடித்திருந்தது. ஈரல் கறுத்திருந்தது. கோழிக்குப் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று பக்கத்துக் கொல்லைக்காரர் மயில்துத்தம் கலந்து கொடுக்கச் சொன்னாராம். மயில்துத்தம் என்பது செம்பு. கொஞ்சம் போனால் மருந்து, கூடப் போனால் ஈரலுக்கு எமன்.

கரும்புக்கு எத்தனை மூட்டை உரம், எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர் என்றெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிற மனிதர் அவர். “மருந்து எவ்வளவு போட்டீங்க?” என்றதும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை:

“மொத நாளு தண்ணி லேசா நீலமா இருந்துச்சிங்க. பாக்க அழகா இருக்குதேன்னு இன்னும் ரெண்டு கல்லு நான்தான் போட்டேன்.”

அதற்கு நான் சிரித்ததென்னவோ உண்மை. ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் யாழினியின் பொம்மைகளில் சாயம் உரிகிறதையெல்லாம் பொறுக்கி எறிந்தேன். நாத்தனார் செல்விதான் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள். “என்னா அண்ணி, லேபு வீட்டுக்கே வந்துடுச்சா?” என்றாள்.

வித்தியாசம் இல்லை

அஞ்சலையம்மாவின் ராசியான கோழி லேபில் இரண்டு நாள் இருந்துவிட்டுச் செத்தது. அறுத்துப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். பித்தப்பை உப்பியிருந்தது, ஈரல் நிறம் மாறியிருந்தது. டியூபில் மருந்து விட்டேன். சிவந்தது. ஆனால் பக்கத்தில் வைத்த எங்கள் வீட்டு நல்ல ஈரலும் அதே மாதிரிச் சிவந்திருந்தது. டாக்டர் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “ரெண்டும் ஒரே நெறம். அமிலத்துல இருக்கற அழுக்குதான். வித்தியாசம் இல்லைன்னு எழுதுங்க.”

எழுதினேன். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பிரம்பால் திருத்தின கையெழுத்து; அச்சடித்த மாதிரி இருக்கும். மார்க்கெட் முடிந்து வெற்றுக் கூடையோடு வந்த அஞ்சலையம்மா பேப்பரை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “மத்த கோழியெல்லாம் திங்கலாமா?” என்றார். “தாராளமா” என்றேன். அந்த ஒரு வார்த்தையை எத்தனை இரவு திரும்பத் திரும்ப நினைத்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். குழந்தை தூங்கிய பிறகு இதை எழுதிக்கொண்டிருக்கிற இப்போதும் அதுதான் காதில் கேட்கிறது. அவர் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“படிச்ச பொண்ணு நீ சொன்னா சரிதான். அப்ப இந்த ஞாயித்துக்கெழம ஒண்ண அடிச்சிட வேண்டியதுதான்.”

ஸ்வீட் பாக்ஸ்

ஒரு பண்ணையில் முட்டைக்கோழிகள் தள்ளாடித் தள்ளாடி விழுந்தன. தீனியில் கலக்கிற தாதுப்பொடியைச் சோதித்தேன். டியூப் பீட்ரூட் சாறு மாதிரி ஆனது. எழுதிவிட்டேன். மறுநாள் அந்தப் பொடியை விற்ற ஏஜென்ட் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். டாக்டர் வெளியூர் போயிருந்தார்.

“வெள்ளைக் கழிச்சல்னு மாத்தி எழுதிக் குடுத்துடும்மா. அதுவும் கோழி சாவுற வியாதிதான?” என்றார். முடியாது என்றேன். “சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியா நடந்துதான போற? ரோடு நல்லா இல்ல, பாத்துப் போம்மா” என்று அக்கறையாகச் சொன்னார். நான் தைரியசாலி இல்லை. கரப்பான் பூச்சிக்கே கட்டில் மேல் ஏறுகிறவள். பேனாவைக் கீழே வைத்தால் பயம் தெரிந்துவிடுமே என்று எழுதிக்கொண்டே இருந்தேன். அவர் கண் முன்னாலேயே அதே அறிக்கையை இன்னொரு பிரதி, முதலாவதைவிடப் பெரிய எழுத்தில் எழுதி, சீல் வைத்து, ஸ்வீட் பாக்ஸ் மேலேயே வைத்து அவர் பக்கம் தள்ளினேன். எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கான்வென்ட்ல படிச்சதுங்களே இப்பிடித்தான். எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கும், பொழைக்கத் தெரியாது.”

அன்றைக்கு எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. உண்மையைத் தவிர வேறெதுவும் என் பேனாவில் வராது என்று பஸ்ஸில் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்து வந்தேன்.

புரட்டாசி

அஞ்சலையம்மா இன்னொரு செத்த கோழியோடு வந்தார். இந்த முறை பையை மாட்டிவிட்டுப் போகவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு, மடித்து மடித்து நைந்து போன என் பழைய அறிக்கையை அதன் பக்கத்தில் விரித்தார். “ஒண்ணும் இல்லன்னு பேப்பர்ல போட்டிருக்குது. கோழிங்க பேப்பர் படிக்கல போலருக்கு, செத்துகினே இருக்குதுங்க” என்றார்.

நன்றாகச் செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். ஆனால் நல்ல ஈரல் இல்லை. புரட்டாசி மாதம். பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு என் மாமனார் மாதம் முழுக்கக் கவுச்சி தொட மாட்டார், வீட்டில் கத்தியையே எடுக்க விட மாட்டார். லேப் ஃப்ரீசரில் எங்கள் வீட்டு ஈரலின் பழைய துண்டு கட்டைவிரல் அளவு கிடந்தது. போதாது. எதிரிலிருந்த பிராய்லர் கடைக்குப் போனேன். ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்காரர், “புரட்டாசில ஈரல் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான் மேடம்” என்று சும்மாவே கொடுத்துவிட்டார். எதையும் வீணாக்கக் கூடாது என்பது கான்வென்ட் பழக்கம். ஃப்ரீசர் துண்டையும் தூக்கிப் போட மனசில்லாமல் மூன்றாவது டியூபில் போட்டேன்.

கடை ஈரல் பச்சையாகவே நின்றது. அஞ்சலையம்மா கோழி சிவந்தது. மூன்றாவது அதைவிடச் சிவந்தது. எல்லாவற்றையும் கழுவி, புது அமிலம் உடைத்து, மறுபடி செய்தேன். பச்சை, சிவப்பு, இன்னும் சிவப்பு. அமிலத்தில் அழுக்கு இருந்தால் மூன்றும்தானே சிவக்க வேண்டும்? பத்து மாதமாக நான் நல்லது என்று வைத்து ஒப்பிட்டதுதான் மூன்றிலும் கெட்டது. கெட்டதோடு ஒப்பிட்டால் எது கெட்டதாகத் தெரியும்? இன்னொரு கணக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. இந்த ஈரலில் பாதிதானே லேபுக்கு வந்தது.

உள்ளே வந்த டாக்டருக்கு எதுவும் தெரியாது. டியூபுகளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இந்த மூணாவது யாரு வீட்டுதும்மா?”

பழைய பேப்பர்

டாக்டர் மோசமானவர் இல்லை. மூன்று மாதிரிகளையும் சென்னையில் மிஷின் வைத்திருக்கிற லேபுக்கு அனுப்பினார். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். “சரி, இனிமே ஒப்பிட்டுப் பாக்க வேற ஈரல் வெச்சிக்குவோம்” என்றார். “பழைய ரிப்போர்ட் எல்லாம்?” என்றேன். “அதக் கிளறாதீங்க. லேபு பேரு போயிடும். லேபு போனா ஒங்க வேலையும் போயிடும். கைக்கொழந்த வெச்சிருக்கீங்க, யோசிங்க.”

யோசித்தேன். கைக்குழந்தை வைத்திருப்பதால்தான் யோசித்தேன். “வித்தியாசம் இல்லை” என்று என் முத்து முத்தான எழுத்தில் பதினொரு அறிக்கை போயிருந்தது. அந்தப் பதினொரு வீட்டிலும் யாரோ ஒரு குழந்தை ஈரல் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில், டாக்டர் முன்னாலேயே, என் போனிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். “நான் எழுதினது தப்பு. உங்க கோழியையும் முட்டையையும் சாப்பிடாதீங்க, மறுபடி பார்த்துச் சொல்றேன்.” திட்டினவர்கள் உண்டு. ஒருவர் என்னை லேபிலிருந்து நீக்கிவிட்டார்களா என்று என்னிடமே விசாரித்தார். டாக்டர் தயிர் சாதத்தைக் கிளறிக்கொண்டே பத்து போனையும் கேட்டார். பிறகு சொன்னார்:

“பயந்த பொண்ணு, சொன்னதக் கேக்கும்னு நெனச்சுதான் ஒங்கள வேலைக்கு எடுத்தேன்.”

கிள்ளை

பதினொன்றாவது அஞ்சலையம்மா. அவரிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை. கிள்ளைக்கு மினி பஸ் ஏறினேன். தெருவில் இரண்டு பேரைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்து, கொல்லைப் பக்கம் நுழைந்ததும் நின்றுவிட்டேன். மூன்று செங்கல் அடுப்பு. கரி பிடித்த இரும்புச் சட்டி. நீளக் காம்புக் கரண்டி. வரிசையாகக் குழி வைத்த அச்சு. வலை தண்ணீரில் அமிழ்வதற்காக அதன் விளிம்பில் கட்டுகிற ஈயக்குண்டு வார்க்கிற சாமான்கள். அவர் கணவர் வார்க்கிறார். சுற்றிலும் மணலில் சிந்தின ஈயத் துளிகள் மினுமினுவென்று கிடந்தன. ஒரு பெட்டைக் கோழி ஒன்றைப் பொறுக்கி விழுங்கியது. பல் இல்லாத கோழி கல்லைத்தானே தேடித் தின்று அரவைப்பையில் வைத்துக்கொள்ளும்? உருண்டையாக, மினுக்காக, இதைவிட நல்ல கல் எங்கே கிடைக்கும்.

அதே மூன்று செங்கல், அதே சட்டி, அதே அச்சு எங்கள் வீட்டுப் பின்பக்கமும் இருக்கின்றன. முதுநகர் படகுக்காரர்கள் பாதிப் பேருக்கு ஈயக்குண்டு வார்த்துக் கொடுப்பவர் என் மாமனார்தான். கல்யாணமான நாளிலிருந்து தினமும் பார்க்கிறேன். ஊர் வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் என்ன தின்றது, எங்கே மேய்ந்தது என்று கேள்வித்தாளே வைத்திருக்கிற நான், எங்கள் வீட்டுக் கோழிக்கு அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அஞ்சலையம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல ஈரல் என்று நான் வைத்தது எங்கள் வீட்டு ஈரல் என்பதையும் சொன்னேன். “ஒன் பேப்பர நம்பி ஆறு கோழியக் கொழம்பு வெச்சேன்டி!” என்று கத்தினார். கூடையைத் தூக்கி எறிந்தார். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். நான் நகரவில்லை; திட்டு முழுவதும் எனக்குச் சேர வேண்டியது, வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன். மூச்சு வாங்க நின்றவர் என் முகத்தைப் பார்த்தார். குரல் மாறிவிட்டது.

“அப்ப ஒம் புள்ளையும் அதத்தான தின்னுச்சி? வா, இப்பிடி நெழல்ல வந்து ஒக்காரு.”

பின்பக்கம்

யாழினிக்கு ரத்தம் எடுத்தோம். ஊசி குத்தினதும் செல்வியின் கண்ணில்தான் முதலில் தண்ணீர் வந்தது. குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள், குத்து அவளுக்கே விழுந்த மாதிரி. ரிசல்ட் வந்ததும் மஞ்சக்குப்பத்தில் குழந்தை டாக்டரைப் பார்த்தேன். “ஈயம் ஜாஸ்தியாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரியில படுக்க வைக்கிற அளவு இல்ல. எங்கேர்ந்து வருதோ அத முதல்ல நிறுத்துங்க. இரும்புச் சத்து டிராப்ஸ் குடுங்க. மூணு மாசம் கழிச்சுத் திரும்ப எடுப்போம்” என்றார். குழந்தைக்கு ரத்தம் இல்லையே என்று கொடுத்த ஈரல்தான் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது என்பதை அவரும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

கோழிகளைக் கூண்டில் அடைத்தேன். முட்டையை நிறுத்தினேன். மாமனாரிடம் மூன்று நாள் சொன்னேன். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். “அப்பாகிட்ட பொறுமையா பேசு” என்று அங்கிருந்து சொன்னார். பொறுமையாகத்தான் பேசினேன். கோழி மட்டும் இல்லை மாமா, புகையும் வீட்டுக்குள்ளதான் வருது, உங்க கையில, வேட்டியில ஒட்டிக்கிட்டு வர்ற தூசியும்தான், அந்தக் கையாலதான் அவளத் தூக்கறீங்க. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “நாப்பது வருசமா உருக்குறேன், எனக்கு என்னா ஆயிப்போச்சி?” என்றார். அதைச் சொன்னபோது டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு கையால் பிடித்தால் மணிக்கட்டு நிற்காமல் மடங்குகிறது. ஒரு வருடமாக அப்படித்தான். வயசு என்று நினைத்திருந்தோம். ஈயத்தால் தொங்கின இறக்கை எத்தனை பார்த்தவள் நான். அதையும் அவரிடம் சொன்னேன். எழுந்து போய்விட்டார்.

நேற்றுச் சாயங்காலம் மறுபடி அடுப்பு மூட்டினார். சொன்ன தேதிக்குக் குண்டு கொடுக்க வேண்டுமாம். ஈயம் உருகும்போது வெள்ளி மாதிரி பளபளக்கும். யாழினிக்கு அதைப் பார்க்க வேண்டும். “தாத்தா, தாத்தா” என்று குடுகுடுவென்று பின்கதவைத் தாண்டி ஓடினாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். வீல் என்று கத்தினாள். கதவைச் சாத்தினேன்.

“இன்னாத்துக்கு இப்ப கதவ சாத்துற?” என்று வெளியிலிருந்து மாமனார்.

“அடுப்பு எரியற வரைக்கும் இது தொறக்காது மாமா.”

“எங் கொல்லைக்கு எங் கதவ எனக்கே சாத்துறியா?”

“ஆமாம் மாமா.” என் குரல்தானா அது என்று எனக்கே சந்தேகம். இடுப்பில் குழந்தை உதைக்கிறாள். ஒரு கையால் தாழ்ப்பாளை இழுக்கிறேன், வரவில்லை. உப்புக் காற்றில் துருவேறி, இந்த வீட்டில் அதை யாரும் போட்டதே இல்லை போலிருக்கிறது. செல்வியிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு அம்மிக் குழவியை எடுத்துத் தட்டினேன். அசையவில்லை. பிறகு வெளியே மண்வெட்டியால் மணலை அள்ளி அடுப்பில் கொட்டுகிற சத்தம். ஒரு தடவை, இன்னொரு தடவை. அப்புறம் கதவுக்கு மிகப் பக்கத்தில் அவர் குரல் கேட்டது.

“அடிக்காதம்மா, ஒடஞ்சிடும். தேங்கா எண்ண ரெண்டு சொட்டு விட்டு, கதவ லேசா மேல தூக்கிப் புடி, தானா போவும். நான் பைப்புல குளிச்சிட்டு வாசப்பக்கமா வரேன், செல்விகிட்ட மாத்து வேட்டி எடுத்து வெக்கச் சொல்லு.”

ஊர்க் கோழிகளின் வயிற்றையெல்லாம் திறந்து பார்த்துப் பேர் வாங்கின நான், உருப்படியாகச் செய்த ஒரே வைத்தியம், தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு கதவை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டதுதான்.